தறித் தெருவில் ஒரு மார்பிள் வீடு

சமையலறையை மாற்றிக் கட்டினால் வீட்டின் விலை கூடும் என்று ஒருவர் செல்போன் வீடியோவில் பேசுகிறார். கோட்டு போட்டிருக்கிறார், பின்னால் ஒரு பூந்தொட்டி. பாத்ரூமைப் புதுப்பித்தால் இவ்வளவு, ஃபால்ஸ் சீலிங் போட்டால் இவ்வளவு, வாசலில் தோட்ட விளக்கு வைத்தால் இவ்வளவு என்று காய்கறிக்கடைக்காரர் மாதிரி விலை சொல்லிக்கொண்டே போகிறார். எந்த ஊர், எந்தத் தெரு, பக்கத்து வீட்டில் என்ன தொழில் என்று ஒரு வார்த்தை கிடையாது. மதிப்பீட்டாளர்கள் வாட்ஸ்அப் குழுவில் இளையவர் ஒருவர் இதை அனுப்பி, "சார், இதைப் பற்றி நீங்கள் எழுதலாமே, ஓய்வாகத்தானே இருக்கிறீர்கள்" என்று கேட்டிருந்தார். ஓய்வாக இருக்கிறவனுக்குக் கோபம் வராது என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

நாமக்கல், திருச்செங்கோடு, ராசிபுரம், பள்ளிபாளையம் என்று இந்தச் சுற்றுவட்டாரத்தில் வங்கிகளுக்காக வீடுகளுக்கு மதிப்புப் போட்டுக் காலம் தள்ளியவன் நான். கடன் கேட்பவரின் வீட்டுக்குப் போய் அளந்து பார்த்து, நாளைக்கே விற்றால் என்ன கிடைக்கும் என்று எழுதிக் கொடுப்பது என் வேலை. பாகம் பிரிப்பவர்களும் விற்கப் போகிறவர்களும் தனியாகக் கூப்பிடுவார்கள். டிப்ளமோ படித்தது, ஒப்பந்தக்காரரிடம் வெயிலில் நின்றது, அவர் சம்பளத்தை இழுத்தடித்தது எல்லாம் இந்த ஊரில் எல்லா இன்ஜினியருக்கும் நடந்ததுதான். அதில் சொல்ல ஒன்றுமில்லை.

தொழிலைக் கற்றுக்கொண்டது சேலத்தில் ராஜமாணிக்கம் சாரிடம். அவர் ஒரு வீட்டைப் பார்க்கப் போனால் நேராக வீட்டுக்குப் போக மாட்டார். தெருமுனையிலேயே வண்டியை நிறுத்தச் சொல்லிவிட்டு நடப்பார். சாக்கடை எந்தப் பக்கம் ஓடுகிறது, லாரி வந்தால் திரும்புமா, மழைத் தண்ணீர் எங்கே தேங்கிய கறை இருக்கிறது, எந்த வீட்டு மாடியில் என்ன காய்கிறது என்று பார்த்துக்கொண்டே வருவார். மதிப்புப் போட வேண்டிய வீட்டு வாசலுக்கு வந்ததும் அந்த வீட்டுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர்வீட்டைப் பார்த்து நிற்பார். வீட்டுக்காரர் பதறிப்போய், "ஊடு இந்தப் பக்கமுங்க" என்பார்.

"தெரியுதுங்க" என்பார் சார். "இங்க குடிவாரவன் தெனமும் கதவத் தொறந்தா அதத்தானுங்களே பாக்கோணும்."

டேப்பைச் சுருட்டிப் பையில் போடும்வரை ஒரு வாய் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்க மாட்டார். வீட்டுக்காரர் ஹாலில் தொங்கும் கண்ணாடிச் சரவிளக்கைக் காட்டினால் அண்ணாந்து பார்ப்பார். விளக்கை அல்ல, அது தொங்கும் இடத்தில் ஈரம் கசிகிறதா என்று. தேக்குக் கதவைத் தட்டிக் காட்டினால் நிலைப்படியின் அடியில் கறையான் மண் இருக்கிறதா என்று குனிவார். ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சிரித்ததும் இல்லை. சுவருக்கு ஒட்டிய வேலைப்பாடு எல்லாவற்றுக்கும் அவர் வைத்திருந்த ஒரே பெயர் மேக்கப்.

ஒருமுறை ஆட்டையாம்பட்டியில் ஒருவர் விடாமல் மல்லுக்கு நின்றார். "இவ்வளவு செலவு பண்ணிருக்கறனுங்க, அதெல்லாம் எங்க போச்சுங்க?" என்று கேட்டார். ராஜமாணிக்கம் சார் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "செலவு பண்ணுனது உங்க சந்தோசத்துக்குங்க. அத நீங்க அனுபவிச்சாச்சு. வாங்க வாரவன் எதுக்குங்க அதுக்குக் காசு குடுக்கோணும்? ஊடுங்கறது பஸ்ஸுல ஒரு சீட்டுங்க. தெருவுதான் பஸ்ஸு. சன்னலோரம் உக்காந்தா கண்டக்டர் தனி டிக்கெட்டா கிழிக்கறாரு?"

தெருவைப் பார்த்த பிறகு டீக்கடை. அங்கே போய் விலை என்ன என்று கேட்பவன் முட்டாள். கேட்டால் எல்லோரும் தங்கள் வீட்டு விலையைத்தான் சொல்வார்கள். இந்தத் தெருவில் கடைசியாக யார் விற்றுவிட்டுப் போனது, ஏன் போனார், வாங்கினவர் என்ன வேலை செய்கிறார் என்று கேட்க வேண்டும். அதைவிட முக்கியம், வந்து பார்த்துவிட்டு வாங்காமல் போனவர்கள் எதைக் கேட்டார்கள் என்பது. வாங்க வந்தவன் முதலில் கேட்கும் கேள்விதான் அந்தத் தெருவின் விலை. இதை எந்த வீடியோவிலும் எவரும் சொல்லிக் கேட்டதில்லை.

இதையெல்லாம் கற்றுக்கொண்டு நான் தனியாகப் போக ஆரம்பித்த பிறகு பார்த்த கூத்துகளுக்கு அளவில்லை. திருச்செங்கோட்டுப் பக்கம் போர்வெல் வண்டி வைத்து வடநாட்டில் சம்பாதித்துவிட்டு வந்த ஒருவர், ஓட்டு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு சந்தில் லிஃப்ட் வைத்து மூன்று மாடி எழுப்பியிருந்தார். மொட்டை மாடியில் தண்ணீர்த் தொட்டியைப் போர்வெல் லாரி வடிவத்தில் கட்டி, முன்னால் ஹெட்லைட்டும் எரியவிட்டிருந்தார். அதைச் செய்த கொத்தனாருக்குத் தனிச் சம்பளமாம். அந்தத் தொட்டிக்கு எவ்வளவு போடுவீர்கள் என்று என்னிடம் கேட்டார். தண்ணீர்த் தொட்டிக்கு என்ன போடுவோமோ அதைப் போடுவேன் என்றேன். மனிதர் பிறகு என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. அவ்வளவு பணம் இருக்கிறவன் அந்தச் சந்துக்குள் குடிவர மாட்டான், அந்தச் சந்தில் குடியிருக்கிறவனிடம் அவ்வளவு பணம் இருக்காது. இதைப் புரிந்துகொள்ள இன்ஜினியரிங் படிக்க வேண்டியதில்லை.

எருமப்பட்டிப் பக்கம் ஒருவர் கோழிப்பண்ணைக்கு நேர் எதிரில் ஆளுயரக் கண்ணாடி ஜன்னல்களாக வைத்துக் கட்டி, எல்லா அறைக்கும் ஏசி போட்டிருந்தார். உள்ளே ஒரு வாடையும் இல்லை, உண்மைதான். ஆனால் வாங்க வருகிறவன் காரிலிருந்து இறங்கி வாசல்வரை வர வேண்டுமே. வந்தவர்கள் அந்தக் கொஞ்ச தூரத்திலேயே மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பினார்கள். ராசிபுரத்தில் ஒருவர் வாஸ்து பார்த்துத் தெற்கு வாசலை அடைத்து, கிழக்கே முடுக்குச் சந்தில் வாசலைத் திறந்தார். பிறகு விற்கப் போனபோது, வாங்க வந்தவர் கூட்டி வந்த வாஸ்துக்காரர் தெற்கு வாசலை எதற்கு அடைத்தீர்கள் என்று கேட்டார். இந்த வாஸ்துக்காரர்களை ஒரே அறையில் பூட்டி வைத்து, ஒரு வாசலாவது முடிவு பண்ணிவிட்டு வெளியே வரச் சொல்ல வேண்டும் என்று எனக்கு நெடுநாளாக ஆசை.

இவர்களெல்லாம் தங்கள் காசைத் தாங்களே கரியாக்கிக்கொண்டவர்கள். சிரித்துவிட்டுப் போகலாம். ஆனால் பள்ளிபாளையத்தில் நடந்தது அப்படியில்லை. அங்கே ஒருவர் போட்ட மார்பிளுக்கு இன்னொருத்தியின் பிழைப்பு விலையாகப் போக இருந்தது.

நான் ஓய்வு பெறுவதற்குச் சற்று முன்பு அது. தெரு முழுக்க விசைத்தறிதான். முன்னால் வீடு, பின்னால் தறிப்பட்டறை, அதற்குப் பின்னால் பாவு நூல் இறக்கவும் துணி ஏற்றவும் வண்டி வரும் சந்து. பகல் முழுக்க அந்தத் தெருவில் பேசுகிறவர்கள் கத்தித்தான் பேசுவார்கள். அப்படி ஒரு வீட்டுக்குக் குமரேசன் என்பவர் என்னைக் கூப்பிட்டார். போர்வெல் வண்டிக்கு ஏஜென்டாக இருந்து நன்றாகச் சம்பாதித்தவர். அப்பா உயில் எதுவும் எழுதாமல் இறந்துவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேர், குமரேசனும் அவர் தங்கை செல்வியும். செல்வியின் கணவர் லாரி டிரைவர், மாதத்தில் பாதி நாள் ஊரில் இருக்க மாட்டார். அவள் பின்பக்கப் பட்டறையில் சொந்தத் தறிகளைப் போட்டு ஓட்டிக்கொண்டு, பட்டறையை ஒட்டிய ஒற்றை அறையில் மகளோடு குடியிருந்தாள். அப்பாவுக்குக் கடைசிவரை கஞ்சி ஊற்றியதும் அவள்தான்.

முன்வீட்டில் குமரேசன் இருந்தார். அப்பா இருக்கும்போதே அதை அடையாளம் தெரியாமல் மாற்றிவிட்டார். நடுச் சுவர்களை இடித்து இரும்பு உத்திரம் கொடுத்து ஒரே பெரிய ஹால். தரைக்கு இத்தாலி மார்பிள், மேலே பூப்பூவாக வெட்டிய ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்துகொண்டு நிறம் மாறும் விளக்குகள், வாசலுக்கு இரண்டு சிங்கங்கள். அந்தச் சிங்கங்களின் வாயில் பக்கத்துப் பட்டறைகளிலிருந்து பறந்து வந்த பஞ்சு அடைந்து கிடந்தது. அவர் மனைவி வசந்தா சோபாவின் மேல் போட்டிருந்த பிளாஸ்டிக் உறையைக் கடைசிவரை எடுக்கவில்லை.

குமரேசனின் கணக்கு எளிது. பெங்களூர்ப் பார்ட்டி யாருக்காவது மொத்தமாக வீட்டை விற்றுவிட்டு, சேலத்தில் மலையடிவாரம் பக்கம் குடிபோக வேண்டும். தான் செலவு பண்ணியதை முதலில் கழித்துக்கொண்டு, மிச்சத்தில் பாதியைத் தங்கைக்குக் கொடுப்பார்.

"நான் போட்ட மொதலு எனக்கு வந்துரோணுமுங்க" என்றார். "அத அப்புடியே மதிப்புல ஏத்திப் போட்டுக் குடுங்க. பின்னாடி தறிச் சத்தம் இருக்கறதுனால ஊட்டு வெல கெடுதுன்னு ஒரு வரி எழுதிப்போடுங்க. அத வெச்சுப் பட்டறைய மொதல்ல காலி பண்ண வெச்சுக்கறேன்."

அவர் செலவைக் கழித்தால் மிச்சம் என்று பெரிதாக ஒன்றும் இருக்காது. கையில் சில்லறையைத் திணித்து, தறிகளோடு தங்கையைத் தெருவில் நிறுத்துவதற்கு என்னிடம் ஒரு கையெழுத்துக் கேட்கிறார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. காட்டிக்கொள்ளவில்லை. டேப்பை எடுத்தேன்.

டேப்பின் மறுமுனையைப் பிடிக்க ஆள் வேண்டும். குமரேசன் அதையெல்லாம் பிடிக்கிற ஆள் இல்லை. பின்னாலிருந்து செல்வி கையைத் துடைத்துக்கொண்டு வந்து பிடித்தாள். ஹாலின் நீளம், அகலம், உயரம் எல்லாவற்றுக்கும் அவள்தான் மறுமுனை. நான் அளவைச் சத்தமாகச் சொல்லிக்கொண்டே எழுதுவது வழக்கம், தறிச் சத்தத்தில் இன்னும் சத்தமாகச் சொன்னேன். பட்டறையை அளக்கும்போது, "சார், இத விட்டுப் போச்சொல்லீருவாங்களா?" என்று கேட்டாள். மதிப்புப் போடுவது மட்டும்தான் என் வேலை என்றேன். அது பதில் இல்லை என்று எனக்கே தெரியும்.

பிறகு டீக்கடைக்குப் போனேன். பெங்களூர்ப் பார்ட்டி யாராவது வந்தார்களா என்று கேட்டதற்கு டீ ஆற்றிக்கொண்டிருந்தவர் சிரித்தார்.

"வந்தாங்க. கார்லயே ஒக்காந்து ஊட்டப் பாத்தாங்க. கண்ணாடிய எறக்குனாங்க, சத்தத்தக் கேட்டாங்க, மறுக்கா ஏத்திக்கிட்டுப் போயிட்டாங்க."

"தெருக்காரங்க யாரும் கேக்கலீங்களா?"

"கேட்டாங்களே. நாலஞ்சு பேரு வந்தாங்க. உள்ள போனவொடனே அந்த மார்புளு, லைட்டு எல்லாத்தயும் காட்டுறாப்ல அவரு. இவங்க, அதெல்லாம் செரிங்க, பின்னாடி எத்தன தறி ஓடுது, த்ரீ பேஸ் லைன் இருக்குதா, சந்துல வண்டி வருமான்னு கேக்கறாங்க. அவருக்குக் கோவம் வந்துருது."

இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்? செல்வியின் தறிகளை நிறுத்தினாலும் தெருவின் சத்தம் நிற்காது. பெங்களூர்க்காரன் வரப்போவதில்லை. வாங்கக்கூடியவர்கள் அந்தத் தெருவிலும் அடுத்த தெருவிலும் தறி ஓட்டுகிறவர்கள்தான். அவர்களுக்கு வேண்டியது பட்டறை. படுத்துத் தூங்க முன்னால் ஒரு வீடு இருந்தால் போதும்.

அப்படியே எழுதினேன். முன்வீட்டுக்கு அந்தத் தெருவில் ஒரு சாதாரண வீட்டுக்கு என்ன விலையோ அது. மார்பிள், ஃபால்ஸ் சீலிங், சிங்கம் ஒன்றுக்கும் தனி மதிப்பு இல்லை. பின்பக்கப் பட்டறைக்கு, ஓட்டத்தில் இருக்கும் பட்டறை என்ற வகையில், வீட்டைவிடக் கணிசமாகக் கூடுதல்.

குமரேசன் போனில் என்னைக் கிழித்துத் தொங்கவிட்டார். காசு வாங்கிக்கொண்டு எழுதினேன் என்றார். ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் போட்ட பட்டறை இத்தாலி மார்பிளைவிட உசத்தியா, உங்களுக்குப் படிப்புச் சொல்லிக் கொடுத்தவன் யார் என்றார். சொல்லிக் கொடுத்தவர் யார் என்று பெயரோடு சொன்னேன். வைத்துவிட்டார்.

எனக்கு அன்று இரட்டைச் சந்தோஷம். ஒரு மேக்கப் வீட்டின் மேக்கப்பைக் கலைத்தாயிற்று, ஒரு பெண்ணின் பட்டறையும் பிழைத்தது என்று நினைத்தேன். என் நினைப்பில் மண் விழ ஒரு வாரம் ஆகவில்லை.

அந்தப் பக்கத்துக் குடும்பங்களில் பாகம் பிரிக்க ஒரு முறை உண்டு. பங்கு பெறுகிறவர்களில் மூத்தவர் கூறு போட வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். கூறு போட்டவருக்கு எடுக்கும் உரிமை இல்லை, மிச்சம் இருப்பதுதான் அவருக்கு. பெண் பிள்ளைக்கும் அதே முறைதான் என்று சித்தப்பா சென்னியப்பன் முதலிலேயே கறாராகச் சொல்லிவிட்டார். அவர்தான் அந்தக் குடும்பத்தில் மூத்தவர். மதிப்புப் போட்டவன் என்பதால் என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். அந்த மார்பிள் ஹாலிலேயே ஜமக்காளம் விரித்து எல்லோரும் உட்கார்ந்தோம். அன்றைக்கு மட்டும் செல்வி தறிகளை நிறுத்தியிருந்தாள். பக்கத்து வீட்டுத் தறிகள் ஓடிக்கொண்டிருந்தன.

குமரேசன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். முகத்தில் கோபமே இல்லை.

"முன்னாடி ஊடு ஒரு கூறு, பின்னாடி பட்டற ஒரு கூறு" என்றார். "நான் போட்ட மொதல நான் கேக்கல, உட்டுட்டேன். ஆனா பட்டற ஒசத்தின்னு இன்ஜினியரே எழுதிக் குடுத்துருக்காரு. அதுனால பட்டறைய எடுக்கறவங்க, ஊட்ட எடுக்கறவங்களுக்கு அந்த வித்தியாசத்துல பாதிய ரொக்கமாக் குடுத்துப்போடோணும். குடுக்க முடியலன்னா மொத்தத்தயும் வித்துப் பங்கு போட்டுக்குவோம்."

செல்வி பட்டறையைத்தான் எடுப்பாள், எடுத்தே ஆக வேண்டும், ஆனால் அந்த வித்தியாசப் பணத்தைக் கொடுக்க அவளிடம் எதுவும் கிடையாது. நான் எழுதிய உண்மையையே எடுத்து அவள் கழுத்தில் கயிறாகப் போட்டுவிட்டார் அந்த மனிதர். என் தொழிலில் எத்தனையோ பேரை முட்டாள் என்று நினைத்திருக்கிறேன். இவரைக் குறைத்து நினைத்துவிட்டோமே என்று அந்த நிமிடம் தோன்றியது.

சென்னியப்பன் வெற்றிலையை ஒதுக்கிக்கொண்டு, "கூறு போட்டது நீயி. அம்மிணி எடுத்ததுக்கப்பறம் மாத்திப் பேசப்படாது" என்றார்.

"மாத்த மாட்டேனுங்க சித்தப்பா. எழுதி வேணும்னாலும் குடுத்தர்றேன்."

"அம்மிணி, நீ எடு சாமி. யோசன வேணும்னா நாளைக்குக்கூடச் சொல்லு."

செல்வி கதவோரம் உட்கார்ந்திருந்தாள். அழுதுவிடுவாள் என்று பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துக் கேட்டாள்: "சார், நீங்க எழுதுனதுல தறிக எந்தக் கூறுல சேருமுங்க?"

"தறி கட்டடத்துல சேராதும்மா. அது உன்ற சொந்தம்."

"அப்ப நான் எங்க போனாலும் கூட வருமுங்களா?"

"கழட்டி எடுத்துட்டுப் போலாம்மா."

"அப்பச் செரிங்க" என்றாள். "நான் ஊட்ட எடுத்துக்கறேனுங்க."

குமரேசனுக்கு முதலில் காதில் விழவில்லை போலிருந்தது. சித்தப்பாவைப் பார்த்தார். அவர் மறுபடி, "முன்னாடி ஊட்டயா கண்ணு சொல்ற?" என்று கேட்டார்.

"ஆமாங்க சித்தப்பா. வித்தியாசப் பணத்த அண்ணன் குடுத்தர்றேன்னு சொல்லிருக்காருங்களே."

"ஏம்புள்ள, ஊட்ட எடுத்துட்டுத் தறிய எங்க கொண்டுபோய்ப் போடுவ?" என்றார் சித்தப்பா.

செல்வி ஹாலை ஒருமுறை கண்ணால் அளந்தாள். "இங்கதானுங்க. முப்பதடி நீளமுங்க, நடுவுல ஒரு தூணு கெடையாது. சார் அளக்கும்போது நாந்தான டேப்பப் புடிச்சேன். அண்ணன் எனக்குன்னே இடிச்சு உட்டாப்பல இருக்குதுங்க."

யாரோ ஒருவர் சிரிப்பை அடக்க முடியாமல் இருமினார். குமரேசன் எழுந்து நின்றார், பிறகு உட்கார்ந்தார். கையில் பணம் இல்லை என்று சொல்லவும் வழியில்லை; போட்ட செலவையே விட்டுக்கொடுத்தவர் அப்படிச் சொன்னால் அங்கே யார் நம்புவார்கள்? தறி ஓட்டிப் பழகியவளுக்குப் பட்டறையை விட்டால் போக்கிடம் இல்லை என்று அவர் நம்பிக்கொண்டிருந்தார். பட்டறை என்பது ஆஸ்பெஸ்டாஸ் கூரையும் நாலு சுவரும்தான் என்று நினைத்துவிட்டார். அவள் தறி எங்கே ஓடுகிறதோ அதுதான் பட்டறை என்பது அந்த மண்டைக்குள் ஏறவே இல்லை. நானும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன் என்பதை இங்கே சொல்லாமல் விட்டால் அது யோக்கியம் இல்லை.

அன்றைக்கு நான் ஒருவருக்காக மட்டும் வருத்தப்பட்டேன். வசந்தா உள்ளே போய், சமையலறை மேடையைத் துணியால் துடைத்துக்கொண்டே நின்றாள். அது ஏற்கனவே சுத்தமாகத்தான் இருந்தது. வீட்டை விற்கத்தான் எல்லாம் செய்கிறோம் என்று கணவர் அவளிடம் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார் என்று நினைக்கிறேன். செல்வி அவள் பக்கத்தில் போய் நின்று, "அண்ணி, உங்களுக்கு வேணுங்கறதக் கழட்டி எடுத்துக்குங்க" என்றாள். பூஜை அறைக் கதவை மட்டும் எடுத்துக்கொண்டு போனார்கள்.

பிறகு கொஞ்ச காலம் கழித்து, இன்னும் இரண்டு தறி போடக் கடன் கேட்டு செல்வி வங்கிக்குப் போயிருந்தாள். வங்கி என்னை அனுப்பியது. நான் கடைசியாகப் பார்த்த வீடுகளில் அது ஒன்று. வழக்கம்போலத் தெருமுனையில் இறங்கி நடந்தேன். வாசல் சிங்கம் ஒன்றின் கழுத்தில் ஊடைநூல் சுற்றும் தார்க் குச்சிகள் போட்ட பை தொங்கியது. உள்ளே ஹாலில் வரிசையாகத் தறிகள். தறியின் கால்கள் ஊன்றும் இடத்தில் மட்டும் மார்பிளை வெட்டி எடுத்துவிட்டுக் காங்கிரீட் போட்டிருந்தாள், மிச்ச இடத்தில் அப்படியே விட்டிருந்தாள். தலைக்கு மேல் அந்தப் பூப்பூ சீலிங் கூட இருந்தது. சத்தத்தை அது கொஞ்சம் குடிப்பதாகச் சொன்னாள்.

"மார்பிள எதுக்கும்மா விட்டு வெச்ச?" என்று கேட்டேன்.

"எண்ண சிந்துனா தொடைக்கச் சொகமுங்க சார். பட்டறச் சிமெண்டுத் தரைன்னா ஊறிப் போயிரும்."

என் வாழ்நாளில் மார்பிளுக்கு இப்படி ஒரு நியாயமான காரணம் சொன்னவர் எவரும் இல்லை.

அளந்து முடிக்கிற நேரத்தில் வாசலில் நிழல் விழுந்தது. குமரேசன் வந்து நின்றார். ஊரை ஒட்டிய ஆற்றுக்கு அக்கரையில் வாடகை வீட்டில் இருப்பதாகக் கேள்விப்பட்டிருந்தேன். ஆள் இளைத்திருந்தார். உள்ளே வரவில்லை. என்னிடம், "நீங்க வந்துருக்கீங்கன்னு டீக்கடையில சொன்னாங்க. அந்தப் பட்டறைக்கு மறுக்கா ஒரு மதிப்புப் போட்டுக் குடுங்க சார்" என்றார். "வாரவனெல்லாம் தறி ஓடுதுங்களான்னு கேக்கறான். ஓடலன்னா திரும்பிப் போயிர்றான்."

ஓட்டத்தில் இருக்கும் பட்டறை என்று எழுதித்தான் கொடுத்திருந்தேன். தொகையைப் பார்த்தவர்கள் அதற்கு மேலே உள்ள வரியைப் படிப்பதில்லை. அதை எடுத்துச் சொல்லலாமா என்று வாயைத் திறந்தேன், மனம் வரவில்லை. "யாருங்க வாங்கறது?" என்று மட்டும் கேட்டேன்.

அவர் தங்கையைப் பார்த்தார். செல்வி அறுந்த இழையை முடிந்துகொண்டிருந்தாள். நிமிராமலே என்னிடம் சொன்னாள்.

"தறியில்லாத பட்டறைக்கு என்ன வெலையோ அதப் போடுங்க சார். நானே வாங்கிக்கறேன்."

குமரேசன் தெருவையே பார்த்துக்கொண்டு நின்றார். செல்வி இழையை முடிந்துவிட்டுத் தறியை ஓட்டவில்லை. ஸ்விட்சை நிறுத்தி, கையைத் துடைத்தாள்.

"வெயில்ல நிக்க வேண்டாம், உள்ள வரச் சொல்லுங்க" என்றாள். "காபி வெக்கறேன்."

குமரேசன் வாசலில் செருப்பைக் கழற்றினார். தான் போட்ட மார்பிளில் எண்ணெய் படாத இடமாகப் பார்த்துப் பார்த்துக் கால் வைத்து உள்ளே வந்தார்.